மேக்சினின் தையல் மோட்டார்

என் அண்ணன் ஓர்வில் ஹாக்ஸ்டாட் அவசரம் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன். சொந்தக் கல்யாணத்தன்று தேவாலய வாசலில் பாதிரியாரின் காரைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியேட்டர் ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்தான். மணப்பெண் மேக்சின் வெள்ளை உடையோடு வெளியே வந்து, "ஓர்வில், என்னைக் கட்டிக்கப் போறியா, இல்ல அந்த ரேடியேட்டரையா?" என்று கேட்டாள். "இன்னும் ஒரு ஸ்க்ரூதான்" என்றானாம். அப்படிப்பட்டவன் ஒரு நவம்பர் காலையில் செருப்புகூட மாற்றாமல் பனியில் ஓடி வந்து என் சமையலறைக் கதவை இடித்தான். அந்தக் காலையைச் சொல்வதற்கு முன் அவனைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மொன்டானாவில் எங்கள் ஊரில் கோதுமைக் கிடங்கைத் தவிர வேறு உயரமான கட்டடம் கிடையாது. அந்தக் கிடங்கில்தான் அண்ணன் ஓய்வு பெறும்வரை மோட்டார்களைப் பார்த்துக்கொண்டான். நின்றுபோன எந்த மோட்டாரும் அவன் கை பட்டால் ஓடும். மாலையானால் கராஜுக்குள் போய்விடுவான். அங்கேதான் தோட்டா நிரப்பும் மேசை இருந்தது.

எங்கள் பக்கம் பாதி வீட்டில் அந்த மேசை உண்டு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறியமாட்டார்கள். பொறுக்கி வந்து, கழுவி, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி சுடுவார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு ஒரு மயிரிழை நீளும். நீண்டதை வெட்டிச் சரிசெய்யாமல் விட்டால், அதன் வாய் துப்பாக்கிக்குள் போய் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டுக்கு முன்னால் போக வழி இருக்காது. வெடித்த வேகம் பின்பக்கம் திரும்பும். பின்பக்கம் இருப்பது சுடுகிறவரின் முகம்.

அதனால்தான் எங்கள் ஊரில் ஒருத்தர் நிரப்பிய தோட்டாவை இன்னொருத்தர் சுடமாட்டார். பல் விளக்கும் பிரஷ் மாதிரிதான் அது. உயிர்ச் சிநேகிதன் நீட்டினாலும், "வேண்டாம்பா, என்கிட்ட இருக்கு" என்று மரியாதையாகத் தள்ளிவிடுவார்கள். ஓர்வில் நிரப்பியதை மேக்சின் சுடுவாள், அவர்கள் மகள் மார்லா சுடுவாள். அவ்வளவுதான். அவன் ஒவ்வொரு கூட்டையும் கையால் சுற்றும் சின்னக் கருவியில் வைத்து வெட்டுவான். வெட்டியபின் அளந்து பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கொட்டாவி வரும், அவனுக்கு வராது.

மேக்சின் புற்றுநோயில் போனாள். அதே குளிர்காலத்தில் அண்ணனின் விரல்கள் மூட்டுவாதத்தில் மடங்கிக்கொண்டன. காப்பிக் கோப்பையைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. கருவியைச் சுற்றவே முடியவில்லை. மனைவியும் இல்லை, மேசையும் இல்லை என்றானதும் மனுஷன் கராஜில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். நான் சூப் கொண்டுபோய் வைத்தால் அது அப்படியே ஆறிக் கிடக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, நீயும் சேர்ந்து போறதா இருந்தா சொல்லிடு, ஒரே செலவா முடிச்சிடலாம்" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுவாரம் கராஜில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் மேக்சினின் தையல் எந்திரத்திலிருந்து மோட்டாரைக் கழற்றி, ஒரு மரக்கட்டையில் பொருத்தி, அதன் முனையில் வெட்டும் கத்தியை மாட்டியிருக்கிறான். கீழே அவளுடைய கால் மிதி. எதிரே இரும்புக் கட்டையில் ஒரு துளை. கூட்டைத் துளைக்குள் தள்ளி மிதியை அழுத்தினால் கத்தி சுழன்று நீண்டதைச் சீவிவிடும். விரலுக்கு வேலையே இல்லை. அவன் முகத்தில் உயிர் வந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். இதை ஒளிக்க என்ன இருக்கிறது.

மார்லா சந்தோஷப்படவில்லை. அந்தத் தையல் எந்திரத்தில், ஊசிக்குக் கீழே, மேக்சின் கடைசியாகத் தைத்த துணி அப்படியே நின்றிருந்தது. மகள் கட்டிலுக்கு என்று ஆரம்பித்த ஒட்டுப்போர்வை. அண்ணன் நூலைக் கத்தரித்து, துணியை அழகாக மடித்து, அலமாரியில் வைத்திருந்தான். தப்புச் செய்ததாகவே அவனுக்குத் தோன்றவில்லை. மார்லா அந்த அறுந்த நூலைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள்.

"அம்மா கடைசியா போட்ட தையல் அது. அதை அறுக்க உங்களுக்குக் கை வந்துச்சா?"

"நூலை மட்டுந்தாம்மா வெட்டினேன். துணிக்கு ஒண்ணும் ஆகல."

"துணிக்கு ஒண்ணும் ஆகல" என்று அவன் சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவனை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். ஓர்வில் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கடைக்காரரைக் கூப்பிடுவது போல. பண்டிகைக்கு வருவாள், "ஓர்வில், உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பாள். அவன் தலையை ஆட்டுவான். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் எனக்கு.

ஊருக்கு இது நல்ல வேடிக்கை. பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் வென்டல் அவனைக் கண்டால் விடமாட்டான். "என்ன ஓர்வில், தோட்டாவுக்கு ஓரம் அடிக்கிறியாமே? என் பேன்ட்டையும் கொஞ்சம் குட்டை பண்ணித் தாயேன்" என்பான். காப்பி குடிக்கிற கிழங்கள் எல்லாம் சிரிக்கும். அண்ணன், "உன் இடுப்பைச் சுத்தி வர அளவு நூல் இந்த ஜில்லாவுலயே இல்ல வென்டல்" என்பான். பதில் சொல்வான், ஆனால் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுவான்.

அந்த இலையுதிர்காலத்தில் மார்லா வந்தாள். எல்க் மான் வேட்டைக்கான குலுக்கலில் அவளுக்கு அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. அம்மாவின் துப்பாக்கியைத்தான் எடுத்துப்போகப் போவதாகச் சொன்னாள். அது பழைய துப்பாக்கி. அதற்கான தோட்டா கடைகளில் வருவதே நின்றுபோயிருந்தது. மேக்சினுக்காக நிரப்பியதில் மிச்சமிருந்த சிலவற்றைச் சுட்டுக் குறியைச் சரிபார்த்துவிட்டாளாம். மலைக்குக் கொண்டுபோகத் தோட்டா இல்லை.

"ஓர்வில், ஒரு பெட்டி நிரப்பித் தர முடியுமா?" என்றாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"முடியும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "கேட்டியா ஆர்டித், என்கிட்ட தோட்டா கேட்டுட்டா" என்றான். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மகளுக்காக அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். கத்தியைக் கழற்றிப் புதுசாகச் சாணை பிடித்தான். திரும்ப மாட்டி, அதைப் பிடித்துக்கொள்ளும் கடுகளவு ஸ்க்ரூவை முடுக்கினான். முதலில் வெட்டிய சிலவற்றை அளந்தான். துல்லியமாக இருந்தன. அதற்குமேல் அளக்கவில்லை, கண்ணில் புரை விழுந்து அளவுகோலின் கோடுகள் அவனுக்குக் கலங்கித் தெரிந்தன. காதை நம்பினான். வெட்டும்போது கத்தி கரகரவென்று சத்தம் போடும். வெட்டி முடிந்ததும் சத்தம் மெலிந்துவிடும். அந்த மெலிவு வந்தால் அடுத்த கூடு. அன்று மெலிவு சீக்கிரம் சீக்கிரம் வந்தது. "சாணை பிடிச்சது எப்படி வேலை செய்யுது பார்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். நான் கேக் துண்டு கொண்டுபோயிருந்தேன், பாதியை அங்கேயே நின்று நானே தின்றேன்.

மார்லா பெட்டியை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியுமுன் தனியாக மலைக்குப் போய்விட்டாள். அவள் கணவன் கர்ட் எண்ணெய்க் கிணற்று வேலையில் வெளியூரில் இருந்தான்.

அந்தக் காலையில்தான் அண்ணன் என் கதவை இடித்தது. கையில் ஒரு காப்பி டப்பா. வெட்டும்போது விழும் பித்தளைத் துருவலை அதில்தான் கொட்டி வைப்பான்.

"இதைப் பாரு" என்றான்.

பார்த்தேன். அடியில் கொஞ்சம் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையே."

"அதான் ஆர்டித். ஒண்ணும் இல்ல. ஒரு பெட்டி வெட்டினா கைப்பிடி அளவு துருவல் விழணும். எங்க அது?" டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான். "மிச்சக் கூட்டை லென்ஸ் வச்சு அளந்தேன். எல்லாம் நீளம். ஸ்க்ரூ இறுகல. ஓட ஓடக் கத்தி பின்னால நகர்ந்துபோச்சு. வெட்டவே இல்ல. சாணை பிடிச்சதால சீக்கிரம் முடியுதுன்னு நினைச்சேன்."

"எத்தனை தோட்டா அப்படி?"

"தெரியல. நல்லதும் கெட்டதும் கலந்து வச்சுட்டேன். அவ எதை முதல்ல எடுப்பான்னு தெரியல."

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. மார்லாவின் போன் அடிக்கவில்லை, அந்த மலையில் எந்தப் போனும் அடிக்காது. ஷெரீப் ஆபீசில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆள் அனுப்புகிறோம், ஆனால் எங்கள் வண்டி ஜில்லாவின் அந்தக் கோடியில் நிற்கிறது என்றாள். கண் புரையினால் அண்ணனின் லைசென்ஸைப் பிடுங்கி வருஷமாகிறது. என் பிக்கப் வண்டியை எடுத்தேன். அதில் ஹீட்டர் வேலை செய்யாது. வேட்டை மலையில் ஆரஞ்சு நிறம் போர்த்தாமல் போனால் நம்மையே மான் என்று சுட்டுவிடுவார்கள். பின்சீட்டில் கிடந்த ஆரஞ்சு மேசைத்துணியை இரண்டாகக் கிழித்தேன்.

பெட்ரோல் போட நின்றபோது வென்டல் வந்தான். துணியைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஓர்வில் தைச்சதா?" என்று ஆரம்பித்தான்.

"மார்லா எந்தப் பாதையில போனா, பாத்தியா?" என்றான் அண்ணன்.

அவன் முகத்தைப் பார்த்ததும் வென்டலின் சிரிப்பு நின்றது. "ஓட்டர் ஓடைப் பக்கம். அவ அம்மா வழக்கமா போற மேடு. என்னாச்சு?"

"நீளமான தோட்டா குடுத்துட்டேன்" என்றான் அண்ணன்.

எங்கள் ஊரில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வென்டல் பைப்பைப் பிடுங்கி மாட்டிவிட்டு வண்டியின் கூரையைத் தட்டினான். "போங்க. நான் வேற வழியா வரேன்" என்றான்.

பாதை முழுக்க அண்ணன் போல்ட்டைப் பற்றியே, தோட்டாவை உள்ளே தள்ளித் துப்பாக்கியின் பின்வாயை மூடும் அந்தத் தண்டைப் பற்றியே, சொல்லிக்கொண்டு வந்தான். "நீளமா இருந்தா போல்ட் சுலபமா மூடாது. இறுகும். இறுகினா அவ அதை அழுத்தி மூடிடக் கூடாது."

"அழுத்தமாட்டா அண்ணே."

"மான் எதிர்ல நிக்கும்போது யார் யோசிப்பாங்க? குளிர்ல விரல் மரத்துக் கிடக்கும். நானா இருந்தா அழுத்திருப்பேன்."

ஹாரனில் கை வைத்தேன். மான் இருக்கும் மலையில் ஹாரன் அடிப்பது எங்களுக்குக் கொலைக் குற்றம். பாதையோரம் பதுங்கியிருந்த இரண்டு பேர் எழுந்து நின்று என் குலத்தையே இழுத்துத் திட்டினார்கள். நான் கையை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே போனேன்.

மார்லாவின் வண்டி ஓடைக்கரையில் நின்றது. இஞ்சின் ஜில்லிட்டுக் கிடந்தது. பனியில் அவள் காலடி மேட்டை நோக்கிப் போயிருந்தது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான். செருப்பு ஒன்று பனியில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஏறினான். காட்டில் இருமினால்கூட எங்களை முறைக்கிறவன், "மார்லா, சுடாதே, மார்லா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனான். மூச்சு வாங்கியது. விழுந்தான், எழுந்தான். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மேட்டில் பாதி ஏறியிருப்போம். மேலே வெடிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி.

அண்ணன் நின்றான். நானும் நின்றேன். இன்னொரு வெடி கேட்டால் துப்பாக்கி முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். சுட்ட ஆள் முழுசாக இருக்கிறார் என்று அர்த்தம். காது கொடுத்து நின்றோம். மரத்திலிருந்து பனி சரிந்தது. ஒரு காகம் கத்திவிட்டு அடங்கியது. இன்னொரு வெடி கேட்கவில்லை.

"அவ்வளவுதான்" என்றான் அண்ணன். சாதாரணமாகத்தான் சொன்னான், கடை மூடியாயிற்று என்பது போல. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். செருப்பை அவன் காலில் மாட்டப் பார்த்தேன், அவன் காலை நீட்டவில்லை. மேக்சின் நினைவுக்கு வந்தாள். கடவுளே, அவளிடம் போய் நான் என்ன சொல்வேன் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை? அத்தைதானே அது?"

மேலே மரங்களுக்கு நடுவில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. மார்லா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது, வேறெதுவும் இல்லை. முழு முகம். "ஊரையே கூட்டிட்டு வந்து ஹாரன் அடிக்கிறீங்களா? இந்த வருஷம் இந்த மலையில இனி ஒரு எலியாவது நிக்குமா?" என்றவள் அப்பன் பனியில் கிடப்பதைப் பார்த்து நின்றாள்.

"சுட்டியா?" என்றான் அண்ணன்.

"இல்ல."

"அந்தச் சத்தம்?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் எவனோ. என்கிட்டேர்ந்து போன மானைத்தான் அடிச்சிருப்பான்." பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து நீட்டினாள். "இது உள்ள போகல. போல்ட் பாதியில இறுகிடுச்சு. கொஞ்சம் அழுத்தியிருந்தா மூடியிருக்கும். மான் அந்தப் பாறை தூரத்துல நின்னுச்சு. என்னையே பாத்துட்டு நின்னுச்சு."

"அழுத்தலையா?"

"இல்ல."

"ஏன்?"

மார்லா அவனை முட்டாளைப் பார்ப்பது போல் பார்த்தாள். "நீங்க நிரப்பினது இறுகாது. எனக்கு நினைவு தெரிஞ்சதுலேர்ந்து ஒண்ணுகூட இறுகினதில்ல. இறுகுதுன்னா என்னமோ தப்புன்னு வெளிய எடுத்துட்டேன். கேக்கலாம்னுதான் கீழ வந்துட்டிருந்தேன்."

அண்ணன் அந்தத் தோட்டாவை வாங்கினான். மடங்கின விரல்களில் அது நிற்கவில்லை, பனியில் விழுந்தது. அதைத் தேடித் தரையைத் துழாவினான். துழாவிக்கொண்டே அழுதான். மேக்சினைப் புதைத்த அன்றுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை.

"கத்தி நகர்ந்துபோச்சும்மா" என்றான். "ஸ்க்ரூ என் கைக்கு இறுகல. நான் பாக்கல. நான் உன்னைக் கொன்னுட்டேன் மார்லா. நீதான் சாகாம நிக்கிற."

அவள் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மரத்தில் சாய்த்து வைத்தாள். சட்டைப் பையிலிருந்த மற்றத் தோட்டாக்களையும் எடுத்து என் கையில் கொட்டினாள். பிறகு அப்பன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னிடமிருந்து செருப்பை வாங்கி அவன் காலில் மாட்டினாள். பாதம் நீலம் பூத்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அதைத் தேய்த்தாள்.

"அந்த மோட்டாரைப் பிரிச்சு உன்கிட்டயே குடுத்துடறேன்" என்றான் அவன். "பழையபடி அம்மா மிஷின்லயே மாட்டிடலாம். எனக்கு இனிமே வேண்டாம்."

மார்லா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கோணின விரல்களைப் பார்த்தாள், கீழே விழுந்து கிடந்த தோட்டாவைப் பார்த்தாள்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். "ஸ்க்ரூவை நான் வந்து முடுக்கறேன், அப்பா."

அண்ணன் தலை நிமிரவில்லை. இரண்டு கையையும் அவளிடம் நீட்டினான், அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.